எதைத் திருப்புகிறோம்?

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) காந்தத்தின் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்தவரை அவருடைய வலது கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலை நீட்டி, மற்ற விரல்களை மெல்ல மடக்குவார். கட்டைவிரல் எக்ஸ் அச்சு. விரல் மடங்கும் போக்கில் தொண்ணூறு டிகிரி திருப்பினால் ஒய் இசட்டாகும், இசட் மைனஸ் ஒய்யாகும். அந்த மைனஸ் குறி சரியாக விழுந்தால் ஸ்பெக்ட்ரத்தில் பீக்குகள் நிமிர்ந்து நிற்கும். தவறினால் தலைகீழாகத் தொங்கும்.

புனேயில் பாஷாண் பகுதிக்குப் போகும் டாக்டர் ஹோமி பாபா சாலையில் 1950-இல் திறந்த தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 2006-இல் தொடங்கிய ஐஸர் என்னும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம். வேதியியல்காரர்கள், தாங்கள் குடுவையில் செய்த மூலக்கூறு தாங்கள் நினைத்ததுதானா என்று பார்க்க என்.எம்.ஆர். எந்திரத்துக்கு வருவார்கள். இயற்பியல்காரர்கள் அதே எந்திரத்தை, அணுக்கருக்களின் ஸ்பின்னைத் திருப்பித் திருப்பி குவாண்டம் விதிகளைச் சோதிக்கப் பயன்படுத்துவார்கள். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்த எனக்கு, குவாண்டம் இயக்கவியலில் ஆபரேட்டர்கள் எப்படி உருமாறுகின்றன என்பது உண்மையில் புரிந்தது இந்தச் சாலையில்தான். அதுவரை அது எனக்கு மேத்யூஸ்–வெங்கடேசன் பாடநூலில் இருந்த ஒரு வரி. 1976-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை இந்தியா முழுக்க எம்.எஸ்ஸி. மாணவர்கள் படித்தார்கள். நல்ல புத்தகம். இன்றும் என் மேஜையில் இருக்கிறது.

விதி என்னவோ சின்னதுதான். நடுவில் ஆபரேட்டர், ஒரு பக்கம் யூனிட்டரி ஆபரேட்டர் யு, மறுபக்கம் அதன் டேகர், அதாவது ஹெர்மீட்டியன் இணை. டேகர் இடப்பக்கமா வலப்பக்கமா என்ற இடத்தில்தான் எல்லாரும் நிற்பார்கள். ஒரு புத்தகத்தில் இடப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம். இரண்டு புத்தகமும் சரி. அதுதான் மாணவனுக்குப் பெரிய சங்கடம்.

அப்போது எங்களுக்கு மூத்தவராக ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். கரும்பலகையில் நான் அணிகளைப் பெருக்க ஆரம்பித்ததும் சாக்பீஸை வாங்கி வைத்துவிட்டார்.

“தம்பி, எதைத் திருப்புறே? ஸ்பின்னையா, அளக்கிற ஆபரேட்டரையா, இல்ல நீ நிக்கிற இடத்தையா? முதல்ல அதைச் சொல்லு. பெருக்கல் அப்புறம்.”

“மூணும் ஒண்ணுதானே சார்?”

“விடை ஒண்ணு. கணக்கு மூணு.”

இந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிறேன். அதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும். ஸ்பின்கள் இசட் திசையில் இருக்கின்றன. எக்ஸ் அச்சைச் சுற்றித் தொண்ணூறு டிகிரி திருப்பும் பல்ஸ் கொடுக்கிறோம். பிறகு ஒய் திசையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறோம். ஷ்ரோடிங்கர் வழியில் நிலையைத் திருப்பலாம்: யு இடப்பக்கம், டேகர் வலப்பக்கம், இசட் ஆனது மைனஸ் ஒய்யாகிறது, ஒய்யை அளந்தால் மைனஸ் வருகிறது. ஹைசன்பர்க் வழியில் நிலையைத் தொடாமல் அளக்கும் ஆபரேட்டரைத் திருப்பலாம்: டேகர் இடப்பக்கம் வந்துவிடுகிறது, ஒய் ஆனது மைனஸ் இசட்டாகிறது, நிலை இன்னும் இசட்டில்தான் இருக்கிறது, அளந்தால் மறுபடியும் மைனஸ். டேகர் ஏன் பக்கம் மாறியது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றை முன்னால் திருப்புவதும் மற்றதைப் பின்னால் திருப்புவதும் ஒரே எண்ணைத் தர வேண்டும். அந்த எண்தான் ஆய்வகத்தில் கிடைப்பது, மற்றதெல்லாம் நம் கணக்குப் புத்தகத்தில் இருப்பது.

வாசலில் போட்ட கோலத்தைத் திருப்ப முடியாது. அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் சுற்றி நடக்க வேண்டும். நோட்டில் போட்ட கோலமாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே நோட்டைத் திருப்பலாம். நாம் வலமாக நடந்து பார்த்த காட்சியும், நோட்டை இடமாகத் திருப்பிப் பார்த்த காட்சியும் ஒன்றேதான். தஞ்சாவூர்க்காரர் சொன்ன மூன்றாவது வகையும் இதில் அடங்கும். நிற்கும் இடத்தை மாற்றுவது என்றால் அடித்தள வெக்டர்களை மாற்றுவது. ஆபரேட்டர் அப்படியே இருக்கிறது, அதை எழுதிய அணி மட்டும் மாறுகிறது. அணியில் உள்ள எண்கள் எல்லாம் மாறினாலும் ஐகன் மதிப்புகள் மாறாது, மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை மாறாது, கம்யூட்டேட்டர் உறவுகள் மாறாது. தேர்வில் நேரமில்லாதபோது மூலைவிட்டத்தைக் கூட்டிப் பார்த்தாலே பாதித் தவறுகள் பிடிபட்டுவிடும்.

என்.எம்.ஆர். தொழிலில் ஆபரேட்டரை இவ்வளவு நேசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 500 மெகாஹெர்ட்ஸ் எந்திரத்தின் காந்தப்புலம் 11.7 டெஸ்லா. அவ்வளவு வலிமையான புலத்தில்கூட, அறை வெப்பநிலையில் புரோட்டான்களில் லட்சத்துக்குச் சுமார் நான்குதான் ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். மீதி எல்லாம் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒற்றை அலைச்சார்பு எழுத முடியாது. அடர்த்தி ஆபரேட்டர்தான் எழுத வேண்டும். அந்த அடர்த்தி ஆபரேட்டரையும் ஸ்பின் ஆபரேட்டர்களைக் கொண்டே எழுதுகிறோம். ஆக, நிலையும் ஆபரேட்டர், அளவையும் ஆபரேட்டர். இரண்டும் காகிதத்தில் ஒரே உருவத்தில் நிற்கும், எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்பும். புதிதாக வருபவர் குழம்புவது இயல்பு. 1983-இல் சோரென்சனும் எர்ன்ஸ்ட் குழுவினரும் இந்தக் கணக்கை ஒரு முறையாகத் தொகுத்துத் தந்தார்கள். அதற்குப் பிறகு வேதியியல் மாணவர்கள்கூட அணிகளைத் தொடாமல், எந்தப் பல்ஸுக்கு எந்த ஆபரேட்டர் எதுவாகும் என்று எழுதிக்கொண்டே போகிறார்கள்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர்கள் இருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. ஸ்டான்ஃபோர்டில் 1951-இல் எத்தனாலின் மூன்று வகை ஹைட்ரஜன்களும் மூன்று தனிப் பீக்குகளாகத் தெரிந்ததை வெளியிட்டவர்கள் அர்னால்ட், தர்மத்தி, பேக்கர்ட். அந்த எஸ்.எஸ். தர்மத்தி பிறகு மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனில் குமார் 1975-இல் வெல்டி, எர்ன்ஸ்ட் ஆகியோரோடு சேர்ந்து, ஃபூரியர் முறையில் என்.எம்.ஆர். படம் எடுக்கும் வழியைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுப்பவரின் உடலில் நடப்பதும் ஸ்பின் ஆபரேட்டர்களின் சுழற்சிதான்.

திருப்பும்போது கொசைனும் சைனும் எங்கிருந்து வருகின்றன? பேக்கர்–ஹவுஸ்டார்ஃப் விரிவை எழுதினால், முதலில் ஆபரேட்டர், பிறகு ஒரு கம்யூட்டேட்டர், பிறகு கம்யூட்டேட்டரின் கம்யூட்டேட்டர் என்று தொடர் நீளும். எக்ஸோடு இசட்டைக் கம்யூட் செய்தால் ஒய் வரும். எக்ஸோடு அந்த ஒய்யைக் கம்யூட் செய்தால் இசட்டே திரும்பி வரும். இரண்டே அடியில் சுற்று முடிந்துவிடுவதால் இரட்டைப்படை உறுப்புகள் சேர்ந்து கொசைனாகவும் ஒற்றைப்படை உறுப்புகள் சேர்ந்து சைனாகவும் நிற்கின்றன. இடப்பெயர்ச்சியை எடுத்தால் கதை வேறு. உந்தத்தோடு இடத்தைக் கம்யூட் செய்தால் வெறும் எண். அடுத்த கம்யூட்டேட்டர் பூஜ்யம். தொடர் அங்கேயே நின்றுவிடும், இட ஆபரேட்டரோடு ஒரு நீளம் கூடியதோடு சரி. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால், உருமாற்றத்தின் வடிவம் முழுக்கக் கம்யூட்டேட்டருக்குள் இருக்கிறது என்பதை மாணவர்கள் தாமாகவே சொல்லிவிடுவார்கள். அந்த நிமிஷத்துக்காகவே நான் வகுப்பெடுக்கிறேன்.

புனேயிலேயே ஆபரேட்டர் உருமாற்றத்துக்கு இன்னொரு வடிவமும் உண்டு. கணேஷ்கிண்டில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகா, ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் லைகோ–இந்தியா ஈர்ப்பலைத் திட்டத்தில் பங்கேற்கும் நிறுவனம். ஈர்ப்பலைக் கருவிகளில் ஒளியைக் கசக்கி இரைச்சலைக் குறைக்கும்போது, ஒளியின் ஆபரேட்டர் தன் டேகரோடு கலந்து உருமாறும். அங்கே வருவது கொசைனும் சைனும் இல்லை, அவற்றின் ஹைபர்பாலிக் உறவினர்கள். ஒரு பக்கத்து இரைச்சல் சுருங்க, மறுபக்கம் விரியும். கம்யூட்டேட்டர் மட்டும் அப்படியே காப்பாற்றப்படும்.

ஆபரேட்டர் எப்படித் திரும்புகிறது என்பதை வைத்தே அது எந்த இனம் என்று சொல்லலாம். சுழற்றினால் மாறாதது ஸ்கேலர். மூன்று கூறுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, இட வெக்டர் திரும்புவதுபோலவே திரும்பினால் அது வெக்டர் ஆபரேட்டர். இடம், உந்தம், ஸ்பின் மூன்றும் இயல்பில் எவ்வளவு வேறானவை! சுழற்சியின் முன்னால் மூன்றும் ஒரே குடும்பம். இன்னும் ஒரு படி மேலே இரண்டாம் தர டென்சர். இது எனக்குப் பாடநூலில் வெறும் குறியீட்டுக் குவியலாகத்தான் இருந்தது. திடப்பொருள் என்.எம்.ஆரில் அது பீக்கின் அகலமாகக் கண்முன் வந்து நின்றது.

திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் உருண்டுகொண்டே இருப்பதால், இரண்டு அணுக்கருக்களின் காந்தங்கள் நேரடியாக ஒன்றை ஒன்று இழுப்பது சராசரியில் காணாமல் போய்விடும். பொடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையில் உறைந்து கிடக்கும். பீக்குகள் குன்று போலப் பரந்துவிடும். அந்த இழுவை இரண்டாம் தர டென்சராகத் திரும்புவது. காந்தப்புலத்தோடு அது செய்யும் கோணத்தின் கொசைன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அதன் அளவு வரும். அந்தக் கோவை பூஜ்யமாகும் கோணம் ஏறத்தாழ 54.7 டிகிரி. பொடியை ஒரு சிறிய ரோட்டாரில் அடைத்து, அந்தச் சாய்வில் வைத்து வினாடிக்குப் பல ஆயிரம் முறை சுழற்றினால், எந்தத் துகள் எந்தத் திசையில் கிடந்தாலும் சராசரி பூஜ்யம். 1950-களின் கடைசியில் ஆண்ட்ரூவும் லோவும் தனித்தனியே கண்டுபிடித்தது இது. ரோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்கத் திரையில் அந்தக் குன்று கரைந்து கூரிய கோடுகளாகப் பிரிவதைப் பார்த்தவருக்கு, டென்சர் என்றால் என்ன என்று மறுபடி விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை பார்க்கும் மாணவரை நான் எந்திரத்தின் முன்னால் தனியாக விட்டுவிடுவேன்.

நேரத்தோடு மாறுகிற உருமாற்றம் இன்னும் ஒரு பாடம் தரும். 500 மெகாஹெர்ட்ஸ் எந்திரத்தில் புரோட்டான் வினாடிக்கு ஐம்பது கோடி முறை சுற்றுகிறது. அதோடு சேர்ந்து சுற்றும் சட்டத்துக்குப் போய்விட்டால் மிச்சம் இருப்பது சில நூறு அல்லது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான், காதால் கேட்கும் ஒலியின் எல்லைக்குள். ராபி, ராம்ஸி, ஷ்விங்கர் மூவரும் 1954-இல் இந்த வழியை எழுதி வைத்தார்கள். கணக்கில் செய்வதை எந்திரமும் செய்கிறது: வந்த சிக்னலோடு ஒரு நிலையான அலையைக் கலந்து, வித்தியாசத்தை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. ஆனால் சுழலும் சட்டத்துக்குப் போகும்போது ஹாமில்டோனியனை மற்ற ஆபரேட்டர்களைப் போல இருபக்கமும் பெருக்கிவிட்டு நிறுத்தக் கூடாது. யு நேரத்தைச் சார்ந்தது என்பதால் அதன் வகைக்கெழுவிலிருந்து ஓர் உறுப்பு கூடுதலாக வரும். பெரிய புலத்தை ஏறத்தாழ முழுக்க நீக்கிவிடுவது அந்த உறுப்புதான். ஐஸக் நியூட்டன் காலத்து இயக்கவியலில், சுழலும் மேடையில் நிற்பவருக்குப் புதிய விசைகள் தோன்றுமே, அதன் குவாண்டம் உடன்பிறப்பு இது. அதை விட்டுவிட்டால் இசட் திசைப் புலம் அப்படியே நிற்கும், பல்ஸ் ஏன் வேலை செய்கிறது என்பதே விளங்காது.

அரை ஸ்பின்னை 360 டிகிரி திருப்பினால் நிலைக்கு மைனஸ் குறி வரும், பழைய இடத்துக்கு வர 720 டிகிரி வேண்டும் என்று எல்லாரும் படிக்கிறோம். ஆபரேட்டருக்கோ 360 போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைனஸ் வந்து ஒன்றை ஒன்று அடித்துவிடும். அந்த மைனஸைப் பார்க்கத் திருப்பாத துணை ஒன்று வேண்டும். 1975-இல் நியூட்ரான்களை இரு பாதையாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1977-இல் ஸ்டோல், வேகா, வாகன் மூவரும் என்.எம்.ஆரிலேயே காட்டினார்கள்.

இரண்டு ஸ்பின்கள் சேர்ந்தால் ஆபரேட்டர்கள் பெருக்கல்களாகவும் உருமாறும். கார்பன்–13 ஏற்றிய குளோரோஃபார்மில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள ஸ்பின் பிணைப்பு சுமார் 210 ஹெர்ட்ஸ். பல்ஸ் கொடுத்துவிட்டுச் சுமார் 2.4 மில்லிசெகண்ட் காத்திருந்தால், ஹைட்ரஜனின் எக்ஸ் ஆபரேட்டராக இருந்தது ஹைட்ரஜன் ஒய்யும் கார்பன் இசட்டும் சேர்ந்த பெருக்கலாகிவிடும். இனி அது ஹைட்ரஜனுக்கும் சொந்தமில்லை, கார்பனுக்கும் சொந்தமில்லை. இரண்டு குவாண்டம் பிட்டுகளைப் பின்னும் கதவுகளை இப்படித்தான் செய்கிறார்கள். ஐஸரில் மகேஷ் குழுவினர், வி. அதல்யேவுடன் சேர்ந்து 2011-இல் குளோரோஃபார்மின் அணுக்கரு ஸ்பின்களை வைத்து லெகட்–கார்க் சமனின்மையைச் சோதித்தார்கள். ஒரே ஸ்பின் ஆபரேட்டரை வெவ்வேறு நேரங்களில் அளந்தால் கிடைக்கும் தொடர்புகள், அது எல்லா நேரத்திலும் திட்டமான மதிப்போடு இருந்ததாக நினைத்தால் தாண்ட முடியாத எல்லையைத் தாண்டின. நேரத்தால் உருமாறிய ஆபரேட்டர்கள் தங்களுக்குள் கம்யூட் ஆவதில்லை என்பதுதான் அந்தச் சோதனையின் மூல ஊற்று. பாஷாணில், நான் நாள்தோறும் கடந்துபோகும் கட்டடங்களில் ஒன்றில் அது நடந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

யூனிட்டரி இல்லாத உருமாற்றம் ஒன்றும் இருக்கிறது. நேரத்தைத் திருப்புவது. இடம் அப்படியே இருக்கும், உந்தம் குறி மாறும். அப்படியானால் இடத்துக்கும் உந்தத்துக்கும் உள்ள கம்யூட்டேட்டர் குறி மாறியாக வேண்டும். வலப்பக்கம் இருப்பதோ கற்பனை எண்ணும் பிளாங்க் மாறிலியும் மட்டும். பிளாங்க் மாறிலி மாறாது. எனவே கற்பனை எண்ணே குறி மாற வேண்டும். விக்னர் 1932-இல் சொன்ன ஆன்டி–யூனிட்டரி ஆபரேட்டர் இந்த மூன்று வரியில் வந்துவிடுகிறது. சாத்தாராவிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கு இதைச் சொன்னபோது, “அப்போ ஸ்பின்னும் குறி மாறணுமே சார், அதோட கம்யூட்டேட்டரிலும் கற்பனை எண் இருக்கே?” என்று உடனே கேட்டாள். மாறத்தான் செய்கிறது.

நிஜ ஆய்வகத்தில் ஆபரேட்டர்கள் திரும்புவதோடு நிற்பதில்லை, தேய்கின்றன. குறுக்குத் திசை ஸ்பின் ஒரு வேகத்தில் கரையும், இசட் திசை இன்னொரு வேகத்தில் தன் சமநிலைக்குத் திரும்பும். இருபக்கமும் ஒரே யு பெருக்கினால் எதுவும் தேயாது. இதற்கான பொது உருமாற்றத்தை 1961-இல் சுதர்சனும் மேத்யூஸும் ஜெயசீதா ராவும் எழுதினார்கள். சுதர்சன் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மேத்யூஸ்தான் பாடநூலின் மேத்யூஸ். பிற்காலத்தில் பூமியின் அச்சு நுட்பமாக ஆடுவதைக் கணக்கிடும் மாதிரியை ஹெரிங், பஃபெட் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கினார். சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. அணுக்கரு முதல் பூமி வரை சுழற்சியோடு வாழ்ந்த மனிதர் அவர் என்று மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தேய்வில் எவ்வளவு உண்மையான தேய்வு, எவ்வளவு காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் வருவது என்று பிரிக்க 180 டிகிரி பல்ஸ் இருக்கிறது. ஹான் 1950-இல் கண்டது. அந்தப் பல்ஸ் புலப் பிழையின் இசட் ஆபரேட்டரைக் குறி மாற்றிவிடும். முன்னால் ஓடியவை பின்தங்கி, எல்லாம் ஒன்றாகக் கூடி எதிரொலி தரும். கார், பர்செல் இருவரும் 1954-இல் அந்தப் பல்ஸை வரிசையாக அடுக்கினார்கள். ஆனால் 180 என்று கொடுப்பது 178 ஆகத்தான் விழும். ஒவ்வொன்றிலும் இரண்டு டிகிரி தவறினால் அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போய்ச் சிக்னலைத் தின்றுவிடும். மெய்பூமும் கில்லும் 1958-இல் செய்தது, அந்தப் பல்ஸ்களின் அச்சை எக்ஸிலிருந்து ஒய்க்கு மாற்றியதுதான். புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு டிகிரிப் பிழைக்கு ஆபரேட்டர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஒவ்வோர் இரட்டைப்படை எதிரொலியிலும் பிழை தானாக அடிபடுவது தெரியும். சாத்தாரா மாணவி இப்போது அந்தக் கணக்கை நான்கு எதிரொலி வரை காகிதத்தில் போட்டுவிட்டாள். நாளை காலை சாம்பிளைக் காந்தத்துக்குள் இறக்குகிறோம்.